அடுப்புக் கழிவு

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ‘உங்கள் நுரையீரல் நலமாக உள்ளது’ என்று திரையில் எழுத்து ஓடியது. அது ஓடி முடிவதற்குள் தங்கபுஷ்பத்துக்கு இருமல் வந்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தாள். பிறகு கைக்குட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகப் போனாள். சண்முகக்கனி விடவில்லை. அவள் விரல்களைப் பிரித்து, கைக்குட்டையைப் பிடுங்கி விரித்துப் பார்த்தாள். ரத்தம்.

"எத்தனை நாளா மதினி?"

"ஈறுல இருந்து வருது. விடுட்டி."

"ஈறுல வாரது இருமினாத்தான் வருமா?"

தங்கபுஷ்பம் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்து கனி பார்த்ததே இல்லை. மணல்விளை டவுன் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர். படியில் தொங்குகிற காலேஜ் பையன்களை ஒரே அதட்டலில் உள்ளே இழுத்துப் போடுகிறவள். இரண்டு மாதமாக அவள் ஊதுகிற விசில் பாதியிலேயே நின்றுபோகிறது என்று டிரைவர்தான் வந்து கனியிடம் சொன்னார். வண்டியை எடுக்கச் சொல்கிறாளா, நிறுத்தச் சொல்கிறாளா என்றே தெரியவில்லையாம். அதனால்தான் கனி அவளைக் கையோடு இழுத்துவந்து பெட்டியின் முன்னால் உட்கார வைத்தாள்.

கனி அந்த வட்டாரத்துச் சுகாதாரப் பணியாளர். தங்கபுஷ்பத்தின் புருஷன் லிங்கதுரைக்கு உடன்பிறந்த தங்கை. மூச்சுப் பெட்டி அவள் பொறுப்பில் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ரைஸ் குக்கர் அளவுதான் இருக்கும். காகிதக் குழாயைச் செருகி ஆறு தடவை ஊதினால் போதும். நுரையீரலில் புற்று கடுகளவு இருக்கும்போதே மூச்சில் அதன் வாடை கலந்துவிடுமாம். எக்ஸ்ரேக்குத் தெரியாதது பெட்டிக்குத் தெரியும். நாற்பதுக்கு மேல் மதிப்பு வந்தால் சிவப்பு விளக்கு எரிந்து சிவப்புச் சீட்டு வரும். சீட்டைக் கொண்டுபோனால் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன். ஸ்கேனில் உறுதியானால் புதிதாக வந்திருக்கும் அந்த ஊசி. ஆரம்பத்திலேயே போட்டால் கட்டி கரைந்து ஆள் பிழைத்துவிடுகிறான். சீட்டு இல்லையென்றால் எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் காசைக் கொட்டினாலும் ஊசி கிடையாது. ஊசிக்கு வழி அந்தப் பெட்டி ஒன்றுதான்.

கனிக்கு அந்தப் பெட்டிமேல் அப்படி ஒரு பெருமை. அவள் வட்டாரத்தில் பதினாலு ஆண்களுக்குச் சிவப்பு வந்தது. பன்னிரண்டு பேர் இன்றைக்கு வெயிலில் நடமாடுகிறார்கள். பெண்களில் ஒருத்திக்குக்கூட வரவில்லை. பொம்பளைகள் பீடி குடிப்பதில்லை, அதுதான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். போன வருஷம் கீழத்தெரு முத்துக்கிளி இருமி இருமிச் செத்தபோதும் டி.பி. என்று யாரோ சொன்னதை நம்பினாள். ஆயிரத்து எண்ணூறு பெண்கள், மூன்று வருஷம், ஒரு சிவப்புகூட இல்லை. இது என்ன கூத்து என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் ‘விவரம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. பயிற்சியில் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கனி தொட்டாள்.

மூச்சு மதிப்பு 53. அடுப்புக் கழிவு 22. இறுதி மதிப்பு 31. பச்சை.

அதற்குக் கீழே போன வருஷத்துக் கணக்கு: 47, கழிவு 22, இறுதி 25. அதற்கு முந்திய வருஷம்: 42, கழிவு 22, இறுதி 20. மூன்று வருஷமும் அவள் மூச்சு நாற்பதைத் தாண்டித்தான் இருந்திருக்கிறது. மூன்று வருஷமும் பெட்டி பச்சையைக் காட்டி அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

கடைக்காரர் விலையில் குறைத்துத் தருவதும் கழிவுதான், சாக்கடையில் போவதும் கழிவுதான். இது இரண்டில் எது என்று கனிக்கு விளங்கவில்லை. பெட்டியைப் பழுது பார்க்க வரும் இன்ஜினியர் பிரேம்சந்தருக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

"அது ஏழாவது கேள்வியால வாரதுக்கா," என்றான் அவன். "‘வீட்டில் சமைப்பவரா?’ன்னு ஃபாரத்துல இருக்கும்ல. ஆமான்னு டிக் போட்டா, அடுப்புப் புகை மூச்சுல கலந்திருக்கும்னு இருபத்திரெண்டைக் கழிச்சிரும். இல்லைன்னு போட்டா கழிக்காது. ஏன்க்கா, தப்பா வருதா?"

"இல்ல தம்பி. மெஷின் சரியாத்தான் இருக்கு." கனி போனை வைத்தாள்.

ஏழாவது கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதே இல்லை. ஃபாரத்தில் பெண் என்று போட்டதுமே கை தானாகப் போய் ஏழில் ‘ஆம்’ என்று டிக் போட்டுவிடும். இதெல்லாம் ஒரு கேள்வியா? மற்றவர்கள் விஷயத்தில் அது பழக்கதோஷம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். தங்கபுஷ்பம் விஷயத்தில் அப்படியும் சொல்ல முடியாது.

லிங்கதுரை வீட்டோடு கடை வைத்திருக்கும் லேடீஸ் டெய்லர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பொண்டாட்டிக்கு விடியக் கருக்கல் முதல் டிரிப் விழுந்ததிலிருந்து சமையல் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் வைக்கும் சாளை மீன் குழம்பைக் கனி மூக்குமுட்டத் தின்றிருக்கிறாள். முதல் வருஷம் ஃபாரம் நிரப்பும்போது தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஏட்டி, ஏழுக்கு இல்லைன்னு போடு. நான் அடுப்புப் பக்கம் போயி வருசக்கணக்காச்சு." கனிக்கு அது பொறுக்கவில்லை. "சும்மா இருங்க மதினி. ஆபீஸ்ல இதைப் பாத்தா எங்கண்ணனைப் பத்தி என்ன நினைப்பாவ?" என்று சொல்லி ‘ஆம்’ போட்டாள். அண்ணன் மானத்தைக் காப்பாற்றியதாக அன்றைக்கு ஒரு திருப்திகூட இருந்தது. நினைக்க நினைக்கத் தன் கையைத் தானே முறித்துப் போடலாம் போல வந்தது.

"ஏட்டி, பச்சைதான வந்திருக்கு? பொறவு ஏன் முழிக்க?" என்றாள் தங்கபுஷ்பம்.

கனி எல்லாவற்றையும் சொன்னாள். தன் டிக்கையும் மறைக்கவில்லை. தங்கபுஷ்பம் கைக்குட்டையை வாங்கி நாலாக மடித்தாள்.

"சரி, போட்ட டிக்கை அழிச்சிட்டு மாத்திப் போடு. எட்டரைக்கு எனக்கு டிரிப்பு இருக்கு," என்றாள்.

மாற்றிப் போட முடியவில்லை. மூன்று வருஷப் பதிவை மாற்ற மாவட்ட அலுவலரின் ஒப்புதல் வேண்டும் என்று திரை சொன்னது.

மாவட்ட அலுவலர் டாக்டர் மைதிலி கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேஜை நிறையக் காகிதமும் கண் நிறையத் தூக்கமுமாக இருப்பார். மறுநாள் காலை கனி போய் நின்றபோது, உட்காரச் சொல்லி, முழுதாகக் கேட்டார். ஆனால் அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அப்போதே கனிக்கு உள்ளே புகைய ஆரம்பித்தது.

"உங்களுக்குத் தெரியும்லா மேடம்?"

"கழிவு இருக்குறது தெரியும். சோதனை வருஷத்துல வேற மாவட்டத்துல கழிவு இல்லாமத்தான் ஆரம்பிச்சாங்க. பெண்கள்ல நூத்துக்குப் பதினோரு பேருக்குச் சிவப்பு. ஸ்கேன் மெஷின் இருக்குறது மாவட்டத்துக்கு ரெண்டு. ஆறு மாசத்துக்குக் கூட்டம் தாங்கல. எடுத்துப் பாத்தா பத்துல ஒன்பது பேருக்கு ஒண்ணுமே இல்ல. அடுப்புப் புகை மெஷினைக் குழப்புதுன்னு நிபுணர் குழு முடிவு பண்ணி, சராசரியா ஒரு எண்ணைக் கழிச்சிட்டாங்க."

"பத்தாவது ஆளு?"

"என்ன?"

"ஒன்பது பேருக்கு ஒண்ணும் இல்ல. சரி. பத்தாவது பொம்பளைக்கு இருந்துச்சுல்லா? அவளையும் சேத்துல்லா கழிச்சிருக்கீங்க?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கனி விடவில்லை.

"பீடி குடிக்க ஆம்பளையாளுக்கும் இப்படித்தான் கழிப்பீங்களோ?"

"இல்ல. புகை பிடிக்கிறவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. அவங்களுக்கு எட்டு கூட்டுவோம்."

"பீடிப் புகைன்னா கூட்டு, அடுப்புப் புகைன்னா கழி. அப்படித்தான?" கனியின் குரல் வராந்தாவரை கேட்டது. "அடுப்புப் புகையால கேன்சர் வரும்னு வீடு வீடா நோட்டீஸ் கொடுக்கச் சொன்னது யாரு? நீங்கதான? நோட்டீஸ்ல வரும்ங்கீங்க, மெஷின்ல அதையே கழிச்சுவிட்டு வரலைங்கீங்க. எந்த வாயால பேசுதீங்க மேடம்?"

"கத்தாதீங்க கனி. ஸ்கேன் மெஷின் இன்னும் நாலு வேணும்னு ஏழு தடவை எழுதினேன். ஒண்ணுகூட வரல. கழிவுதான் வந்துச்சு. கூட்டத்தைக் குறைக்க அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அது."

"நீங்க சமைப்பீங்களா மேடம்?"

"வீட்ல ஆள் இருக்காங்க. எதுக்கு?"

"திறப்பு விழா அன்னைக்கு மொதல்ல ஊதினது நீங்கதான். ஃபாரம் நிரப்புனது நானு. உங்களுக்கும் ஆம்னுதான் போட்டுருக்கேன். நீங்களும் பாக்கல, நானும் கேக்கல."

டாக்டர் மைதிலி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பதிவை மாற்ற வழி இருந்தது. சம்பந்தப்பட்ட பெண் சமைப்பதில்லை என்று அவளுடைய கணவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"மூச்சு அவளோடது. எழுதித் தாரது புருஷனா?" என்று கேட்டாள் கனி.

"விதி அப்படி இருக்கு. வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே ஒப்புதல் போட்டுத் தரேன்."

அண்ணன் எழுதித் தருவானா என்று வழியெல்லாம் கனிக்கு யோசனைதான். தெருவுக்குத் தெரியக் கூடாதென்று சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திவைத்துவிட்டுத் தாளிப்பவன் அவன். லிங்கதுரை ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான். பொண்டாட்டி நேற்றே சொல்லியிருக்க வேண்டும், கண் சிவந்து கிடந்தது. படிவத்தை வாங்கிப் படித்தான். அளவு எழுதுகிற நோட்டின்மேல் வைத்து அங்கேயே எழுதினான். ‘என் மனைவி தங்கபுஷ்பம் சமைப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக நான்தான் சமைக்கிறேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.’ கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினான்.

"ஊரறிய மைக் போட்டுச் சொல்லணும்னாலும் சொல்லுதேன்," என்றான். அப்புறம்தான் வெடித்தான். "யாரு கேட்டா ஒன்ன? என் மானத்தைக் காப்பாத்துன்னு நான் ஒங்கிட்ட வந்து நின்னேனா? நான் சோறு பொங்குனா எனக்கு என்னட்டி கொறஞ்சு போச்சு? அவ இருந்தாத்தான எனக்கு மானம்!"

கனி படிவத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தையல் மெஷின் மறுபடி ஓடவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இடையில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடிதத்தோடு கனி மாவட்ட அலுவலகத்தில் இருந்தாள். டாக்டர் மைதிலி கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பெட்டியின் மென்பொருளை ஞாயிற்றுக்கிழமை புதுப்பித்திருந்தார்கள். ஃபாரத்தில் ஏழாவது கேள்வியைக் காணோம். ஆறுக்கு அப்புறம் நேரே ‘சமர்ப்பி’ என்று வந்தது.

"ஏழு எங்க மேடம்?"

"எடுத்துட்டாங்க." டாக்டர் சுற்றறிக்கையை வாசித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "மூணு வருஷத்துல மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கு மேல பெண்கள் ஊதியிருக்காங்க. அதுல ஏழுக்கு ஆம்னு பதில் வந்தது நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு. எல்லாரும் ஒரே பதில் சொல்ற கேள்வி தேவையில்லை, பணியாளர்களோட சிரமத்தைக் குறைக்க நீக்கப்படுது. இனிமே பெண்ணுன்னு போட்டாலே இருபத்திரெண்டு தானாக் கழிஞ்சிடும்."

பணியாளர்களின் சிரமம்! கனி என்ன சிரமப்பட்டாள்? ஒரு கோடிப் பெண்களில் எத்தனை பேரிடம் யார் கேட்டார்கள்? இவளைப்போல ஆயிரமாயிரம் பேர், வெயிலில் நடந்த அலுப்பில், வழக்கப்படி, அண்ணன் மானம் தம்பி மானம் என்று, கேட்காமலே போட்ட டிக். அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து இன்றைக்குச் சட்டமாகி வந்து நிற்கிறது. பெண் என்றால் சமைப்பவள். ஒரு கோடிப் பேர் சாட்சி. சாட்சிக் கையெழுத்து கனியுடையது.

"அவிய யாரும் சொல்லல மேடம்," என்றாள். "நாங்க போட்டது. பூராவும் நாங்க போட்டது. அதை எழுதி அனுப்புங்க."

"நேத்தே எழுதிட்டேன். குழு மார்ச்சுல கூடும்."

"இது அக்டோபரு."

"தெரியும்."

"மார்ச்சுக்கு எங்க மதினி இருப்பாளா?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதோ பாடம் ஒப்பிப்பதுபோல மெதுவாகச் சொன்னார். "இப்ப ஃபாரம் ரொம்பச் சுருங்கிடுச்சு. பேரு, வயசு, ஊரு. அப்புறம் ஆணா, பெண்ணா. அடையாள அட்டை இல்லாதவங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கு, அதுல எதையும் சரிபார்க்கிறதில்ல. நீங்க என்ன போடுறீங்களோ அதைத்தான் மெஷின் நம்பும். நாங்களும் அதைத்தான் நம்புவோம்." பிறகு அடுத்த காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

கனி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று புரிய அவளுக்கு அஞ்சு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எல்லாம் தெரிந்த படித்த பொம்பளை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பொய் எழுதும் வேலையையும் நம் தலையில்தான் கட்டுகிறாள். மாட்டினால் போகப்போவது யார் வேலை?

ஆனாலும் அன்று மதியமே தங்கபுஷ்பத்தைப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். ‘அட்டை இல்லாதவர்’ என்ற பக்கத்தைத் திறந்தாள். பெயர்: தங்கபாண்டி. வயது: 47. ஆண்.

"ஆம்பளையா?" தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "மீசை கீசை வரையணுமா?"

"ஊதுங்க மதினி."

"பேராவது நல்லதா வச்சிருக்கலாம். தங்கபாண்டின்னு எங்க டிப்போவுல ஒருத்தன் இருக்கான், மகா கஞ்சன்." சொல்லிவிட்டுக் காகிதக் குழாயை வாயில் வைத்தாள். முதல் மூச்சு. இரண்டாவது. நாலாவதில் இருமல் வந்து குழாயை எடுத்துவிட்டாள். கனி முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆறையும் ஊதி முடிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது.

மூச்சு மதிப்பு 55. சிவப்பு விளக்கு எரிந்தது. சர்ரென்று சீட்டு வெளியே வந்தது.

கனி கையெடுத்துக் கும்பிட்டேவிட்டாள். கூடப் பிறந்தவன் பொண்டாட்டிக்குப் புற்று என்று சிவப்பு எரிகிறது, அதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று அடுத்த நொடியே கைகளை இறக்கிக்கொண்டாள். தங்கபுஷ்பம் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "அழுத மூஞ்சியோட வெளிய வராத. ஊருக்குத் தெரிஞ்சிரும்," என்றாள்.

பத்தாவது நாள் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரி ஸ்கேன் கூடத்தில் நாற்பது நாற்காலிக்கு மேல் இருக்கும். அத்தனையிலும் ஆட்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் மேல் பீடி வாடை அடித்தது. "முன்ன எல்லாம் நாலு நாள்ல கூப்பிட்டுருவாவ. இப்ப என்னமோ கூட்டம் கூடிப்போச்சு. பத்து நாளாக்கிட்டாவ," என்று புலம்பினார். கனி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனுஷனுடைய ஆறு நாளை எடுத்துத்தான் மதினிக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டே மெஷினை வைத்துவிட்டு, ஒருத்தர் இடத்தை ஒருத்தர் திருடிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பாவம் இந்தக் கிழவர், இவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

உள்ளேயிருந்து பேர் கூப்பிடும்போது என்ன சொல்வது என்று கனி நூறு தடவை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஃபாரத்தில் தப்பாக ஏறிவிட்டது சார், கம்ப்யூட்டர் கோளாறு சார் என்று சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்து ஊழியர் ஒருவர் கத்தினார். "செல்லத்துரை!"

ஊதாச் சேலை கட்டிய ஒரு பொம்பளை எழுந்தாள். தலையில் பிச்சிப்பூ. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். ஊழியர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார்.

கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சுடலைமணி!" ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, கட்டைப்பையோடு எழுந்தாள். "ராஜமாணிக்கம்!" கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகாதது போல ஒரு சின்னப் பெண். "அந்தோணிமுத்து!" இந்தத் தடவை நிஜமாகவே ஓர் ஆண் எழுந்தார். "இசக்கிராஜ்!" மறுபடி பொம்பளை. சுவரோரமாகக் கனியைப் போலவே நீலச் சேலை கட்டிய ஒரு பணியாளர் நின்றாள். வேறு வட்டாரம், முன்பின் பார்த்ததில்லை. கனியின் கண்ணைச் சந்தித்ததும் அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்டக்டர் கண். ஒரு பார்வையில் வண்டியில் எத்தனை தலை என்று சொல்லிவிடுவாள்.

"ஏட்டி கனி," என்றாள் மெதுவாக. "லேடீஸ் சீட்டு பூராவும் ஆம்பளையாளுவல்லா உக்காந்திருக்காவ."

கனிக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் இத்தனை பேருக்கும் பொய் எழுத ஆள் கிடைத்திருக்கிறது. பொய் எழுத ஆள் கிடைக்காதவர்கள்? பெண் என்று உண்மையை எழுதி, ஆறு தடவை ஊதி, பச்சையை நம்பி வீட்டுக்குப் போனவர்கள்? அந்த எண்ணிக்கையை யார் எண்ணுவார்கள்?

"தங்கபாண்டி!"

"வந்துட்டேன்," என்று தங்கபுஷ்பம் எழுந்தாள்.

அரை மணி நேரம் கழித்து ஸ்கேன் டாக்டர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், அன்றைக்கு எத்தனாவது ஆளோ, முகம் வாடியிருந்தது. படத்தில் வலது பக்கம் ஒரு வெள்ளை உருண்டையைப் பேனாவால் வட்டமிட்டார்.

"இது எலுமிச்சங்கா அளவு வந்துருச்சு. பக்கத்துல ஒரு நெறிகட்டிக்கும் போயிருக்கு. ஊசி தொடங்குறோம், ஆனா ஊசி மட்டும் பத்தாது. ஆபரேஷனும் வேணும். அதுக்கப்புறமும் பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்." அவர் குரலில் எரிச்சல் ஏறியது. "ஏம்மா, ரெண்டு வருஷம் முன்னால வந்திருந்தா நாலு ஊசியில முடிஞ்சிருக்கும். ஊர் ஊராப் பெட்டி வச்சிருக்கோம். மூணு வருஷமா ஊதாம என்ன செஞ்சீங்க?"

"ஊதினேன் சார்," என்றாள் தங்கபுஷ்பம். "மூணு வருசமும் ஊதினேன். பொம்பளையால்லா ஊதினேன்."

டாக்டர் சீட்டில் இருந்த பேரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

ஊசி அறைக்குள் தங்கபுஷ்பத்தை மட்டும் கூட்டிப்போனார்கள். கனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நாளைக்கே கண்டுபிடிக்கலாம், ஆணா பெண்ணா என்பதையும் அட்டையிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றலாம். இன்றைக்குத் திறந்திருக்கிறது. பையிலிருந்து, பெட்டியோடு இணைந்த டேப்லெட்டை எடுத்தாள். தன் வட்டாரப் பெண்களின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு பேரிலும் ‘விவரம்’ பொத்தானைத் தொட்டுக் கழிக்காத எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பேரில் கை நின்றது. அன்னபாக்கியம், நடுத்தெரு, மூச்சு மதிப்பு 44.

புதுப் பக்கத்தைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் அன்னராஜ் என்று எழுதினாள்.